ஐ.எம்.ஜி. சொன்ன விலை

ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆளாக இருப்பதைவிட ஆபத்தான பதவி கிடையாது. நாம் செய்வது சரியா தப்பா என்று சொல்ல அங்கே ஆளிருக்காது. நாமே பரீட்சை எழுதி, நாமே திருத்தி, நாமே நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டு காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். (எனக்குக் காலர் கிடையாது, சுடிதார்தான். துப்பட்டாவைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.)

என் இருபத்து நான்காவது வயதில் அப்படி ஒரு பதவியில் உட்கார்ந்திருந்தேன். போடிநாயக்கனூரில், சிறு ஏலக்காய் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்தின் அலுவலகம் அது. மலைச்சரிவில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்கள்தான் உறுப்பினர்கள். கடிதம் டைப் அடிப்பது, சங்கத்தின் வெப்சைட்டைக் கவனிப்பது, தலைவரின் போனில் நிரம்பி வழியும் குட்மார்னிங் படங்களை அழிப்பது, இவைதான் என் வேலைகள். இந்த மூன்றில் எதற்காக என்னை எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம் உண்டு.

வேலையை வாங்கிக் கொடுத்தவர் பாண்டி மாமா. என் அம்மாவின் தம்பி. போடிமெட்டைத் தாண்டி மலையில் அவருக்கு மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். "எங்க அக்கா மக கம்ப்யூட்டர்ல புலி" என்று தலைவரிடம் சொல்லி என்னைச் சேர்த்துவிட்டார். மாமா சொன்னால் சங்கத்தில் மறுபேச்சு கிடையாது, ஏனென்றால் காய் பார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு கைப்பிடி ஏலக்காயை உள்ளங்கையில் பரப்பி, இது எட்டு எம்.எம்., இது ஏழு, இது சூடு கூடிச் செத்த காய் என்று சல்லடை போடாமலே சொல்லிவிடுவார். வியாபாரிகள் அவரிடம் வாலாட்ட மாட்டார்கள்.

மாமாவிடம் எனக்கு ஒரே ஒரு மனக்குறைதான். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு போன் பண்ணி, "ஆத்தா, இன்னைக்கு என்ன வெலை?" என்று கேட்பார்.

ஏலக்காய் ஏலம் முடிந்ததும் ஒரு கிலோவுக்கு அன்றைய சராசரி விலையைச் சங்க வாசலில் உள்ள கரும்பலகையில் எழுதுவார்கள். நான் அதை ஒரு போட்டோ எடுத்து வெப்சைட்டில் போடுவேன். அதற்கென்றே சங்கத்தில் ஒரு பழைய கேமரா இருந்தது. கட்டடத் திறப்பு விழாவுக்கு வாங்கியது. இப்போது நாளுக்கு ஒரு தடவை அந்தப் பலகையைப் படம் எடுப்பது மட்டுமே அதன் உத்தியோகம். படத்தை வெப்சைட்டில் ஏற்றிய பிறகும் ஒரு மனிதர் போன் பண்ணிக் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

ஒருநாள் வெடித்துவிட்டேன். "மாமா, அதான் போர்டைப் போட்டோ புடிச்சு வெப்சைட்டுல போட்டுருக்கேன்ல? பளிச்சுன்னு இருக்கு. பாத்தாத் தெரியாதா? தினம் ஒரு போனு. எனக்கு வேற சோலி இல்லையா?"

"சரித்தா" என்று சொல்லிவிட்டு மாமா போனை வைத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து போன் வரவில்லை. ஐம்பத்தெட்டு வயது மனிதரைக் கைபிடித்து இந்த நூற்றாண்டுக்குள் கூட்டி வந்துவிட்டேன் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். துப்பட்டா மேலும் ஒரு சாண் உயர்ந்தது.

அதே வாரத்தில்தான் சங்கத்துக்கு அந்தக் கடிதம் வந்தது. சிறு விவசாயிகளுக்குப் பொதுவாக ஒரு ஏலக்காய் உலர்த்தும் இயந்திரம் தருகிற அரசுத் திட்டம். எங்கள் ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னால்தான் புரியும். பச்சைக்காயைப் பறித்த கையோடு உலர்த்த வேண்டும். சொந்தமாக உலர்த்துமிடம் இல்லாதவர்கள் பெரிய எஸ்டேட்டில் போய்க் காத்துக் கிடக்க வேண்டும். அவர்கள் காய் முடிந்து நம் முறை வருவதற்குள் பச்சை போய்ப் பழுப்பு வந்துவிடும், விலையும் போய்விடும். மழைக்காலத்தில் மாமாவே இரண்டு தடவை அப்படிக் காயைப் பறிகொடுத்திருக்கிறார்.

இயந்திரத்துக்கு நிபந்தனைகள் உண்டு. அதில் ஒன்று, சங்கத்தின் இணையதளத்தைக் கண்பார்வை இல்லாதவர்கள், மவுஸ் பிடிக்க முடியாதவர்கள் உட்பட எல்லோரும் தடையில்லாமல் பயன்படுத்த முடிய வேண்டும். மூன்று வாரத்தில் ஆள் வந்து சோதிப்பார். தேறினால்தான் இயந்திரம்.

தலைவர் கடிதத்தை என்னிடம் நீட்டினார். "ஏம்மா ரேவதி, முடியுமா?"

"இதெல்லாம் ஒரு வாரச் சோலி சார்" என்றேன். (அதுவரை அப்படி ஒரு விஷயம் உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது.)

விதிப் புத்தகத்தை இறக்கிப் பார்த்தேன். தலையணை கனம். அதில் எனக்கு ஓரளவு புரிந்த பகுதி படங்களைப் பற்றியதுதான். பார்வையில்லாதவர்களின் கம்ப்யூட்டரும் போனும் திரையில் இருப்பதை வாய்விட்டு வாசித்துக் காட்டும். படம் வந்தால் அதற்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் பின்னால், கண்ணுக்குத் தெரியாதபடி, படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி சுருக்கமாக எழுதி வைக்க வேண்டும். அவ்வளவுதானா என்று நினைத்தேன்.

முதல் பக்கத்தில் திறப்பு விழாவின் குழுப் படம் இருந்தது. 'சங்க நிர்வாகிகள் இருபத்து மூன்று பேர் கட்டட வாசலில் நிற்கிறார்கள்' என்று எழுதித் தலைவரிடம் காட்டினேன். சரியாகத்தான் எழுதியிருந்தேன். இந்தக் கதையில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

தலைவருக்கு முகம் மாறிவிட்டது. ராசிங்காபுரத்தில் பெரிய குடும்பம் அவருடையது. "பேரு எங்கம்மா?"

"பேரு வேண்டாம் சார், சும்மா ஒரு வரி..."

"நீ சின்னப்புள்ள. கல்யாணப் பத்திரிகையில ஒரு பேரு விட்டுப்போனதுக்கு எங்க ஊர்ல ரெண்டு வீட்டுக்காரங்க பதினாறு வருசமாப் பேசிக்கிறதில்ல. கண்ணுக்குத் தெரியாதுன்னா விட்டுரலாமா? கேக்குறவன் என்ன நினைப்பான், போடியில பேரில்லாத ஆளுக இருபத்தி மூணு பேரு நிக்கிறாகன்னு நினைக்க மாட்டானா?"

அந்த நேரத்தில் அது எனக்கு நியாயமாகப் பட்டது. எங்கள் பக்கத்தில் பத்திரிகை அடிப்பது என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். தாய்மாமன் பெயர் எந்த வரியில், பெரியப்பா பெயர் எந்த அளவில் என்று சொந்தபந்தம் ஸ்கேல் வைத்து அளக்கும் ஊர் இது. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இருபத்து மூன்று பேரிடமும் போனேன்.

இடமிருந்து வலம் எழுதலாம் என்றால், தலைவர் நடுவில் நிற்கிறார், அவர் பெயர் பன்னிரண்டாவதாக வரும். அது முடியாது. ஆகவே நடுவிலிருந்து ஆரம்பித்து வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று மாறி மாறி வர வேண்டும். ஒருவருக்குப் பெயருக்கு முன்னால் 'இயற்கை விவசாயச் செம்மல்' வேண்டும். இன்னொருவருக்கு அவருடைய அப்பா பெயரும், அப்பா கட்டிய கோயில் மண்டபத்தின் பெயரும் வேண்டும். பொருளாளர் சீனி அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, படத்திலேயே இல்லாத தன் அண்ணன் பெயரைச் சேர்க்கச் சொன்னார்.

"அண்ணே, அவரு படத்துலயே இல்லையே?"

"அன்னைக்குத் திருப்பூர் போயிருந்தாரும்மா. ஊர்ல இருந்திருந்தா எம் பக்கத்துலதான நின்னுருப்பாரு? அவரு பேரு இல்லேன்னா மதினி எனக்குச் சோறு போட மாட்டாங்க."

'பொருளாளருக்கு அருகில் நின்றிருக்க வேண்டியவர்' என்று எழுதிச் சேர்த்தேன். எழுதும்போது எனக்கு ஒரு துளி சந்தேகம்கூட வரவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

வெப்சைட்டில் மொத்தம் பதினான்கு விழாப் படங்கள். பதினான்கிலும் தலைவர் இருந்தார். மூன்று வாரமும் அதற்கே சரியாக இருந்தது. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் கரும்பலகையைப் படமெடுத்து, கேமரா அதற்கு வைத்த பெயரோடே அப்படியே ஏற்றிவிட்டு, வெரசாக வந்து அடுத்தவரின் பட்டங்களை டைப் அடித்தேன். அந்த விலைப் படத்துக்குப் பின்னால் ஒரு வரி எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. பலகையில் ஆள் யாரும் இல்லையே!

சோதனைக்கு மதுரையிலிருந்து பிரேமா மேடம் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. தோளில் லேப்டாப், கையில் மடக்குக்கோல். என்னைவிட மூன்று மடங்கு வேகமாக டைப் அடித்தார்.

அன்றைக்கு நான் ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். (இந்தக் கதையைச் சொல்லும்போது இந்த இடத்தில் என் குடும்பத்தார் எல்லோரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.) கம்ப்யூட்டர் நம் பெயர்களை வாசிப்பதை உறுப்பினர்கள் எல்லோரும் கேட்டு மகிழட்டும் என்று, ரேடியோ செட்டுக்குச் சொல்லிவிட்டேன். லேப்டாப்புக்கு முன்னால் மைக். கூட்டத்துக்குள் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. செட்டுக்காரர் வழக்கத்தின்படி வாசல் மரத்தில் ஒரு குழாய் ஒலிபெருக்கியையும் தெருவைப் பார்த்துக் கட்டிவிட்டுப் போனார். தெரு முழுக்க ஏலக்காய் வியாபாரிகளின் கடைகள்.

மலையிலிருந்து ஜீப்புகளில் உறுப்பினர்கள் இறங்கி வந்தார்கள். பாண்டி மாமாவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மழையும் அறுவடையுமாக மூன்று வாரம் மலையை விட்டு இறங்காதவர், இயந்திரம் வரப்போகும் சந்தோஷத்தில் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

பிரேமா மேடம் ஒரு விசையைத் தட்டினார். குழாய் பேச ஆரம்பித்தது.

"படம். நடுவில் நிற்பவர், ராசிங்காபுரம் பெருநிலக்கிழார், சங்கத்தின் நிரந்தரத் தலைவர், உயர்திரு வேலுச்சாமி அவர்கள். அவருக்கு வலப்புறம் நிற்பவர்..."

முதல் ஐந்து பேர் வரைக்கும் சபையில் ஒரே ஆனந்தம். பெயர் வரும்போது அவரவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் எழுந்து கும்பிட்டார். ஏழாவது ஆளுக்குக் கைதட்டல். பிரேமா மேடம் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். பதினொன்றாவது ஆள் வந்தபோது டீ வந்தது, எல்லோரும் குடித்தோம். குழாய் நிற்கவில்லை. "பொருளாளருக்கு அருகில் நின்றிருக்க வேண்டியவர்" என்று வாசித்ததும் மேடத்தின் புருவம் ஏறியது. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "வராத ஆளுக்கெல்லாம் பேரு உண்டா? அப்ப எங்க மச்சினனும்தான் வரல!" என்று சத்தம் போட்டார். சீனி அண்ணன் பதிலுக்கு எழுந்தார்.

"மேடம், நிறுத்திரவா?" என்றேன்.

தலைவர் கையமர்த்தினார். "இருக்கட்டும்மா, அடுத்த படத்துலயும் எம் பேரு வருதுல்ல?"

பிரேமா மேடம் பொறுமையான மனுஷி. இரண்டாவது படத்தின் தலைவர் வரை கேட்டுவிட்டு நிறுத்தினார். "சரிங்க. நான் மலையில ஒரு விவசாயின்னு வச்சுக்குங்க. எனக்குக் கண்ணு தெரியாது. இந்த வெப்சைட்டுக்கு நான் எதுக்கு வருவேன்?"

"வெலை பாக்கத்தான்!" கூட்டம் ஒரே குரலில் சொன்னது.

"அப்ப விலையைக் கேப்போம்." விசைகளை வரிசையாகத் தட்டினார். ஸ்பீக்கரிலிருந்தும் மரத்திலிருந்தும் ஒரே நேரத்தில் சத்தம் வந்தது.

"படம். ஐ எம் ஜி இரண்டாயிரத்து நாற்பத்தொன்று, ஜே பி ஜி."

மறுபடி தட்டினார். மறுபடியும் அதேதான். கேமரா படத்துக்கு வைத்த பெயர் அது. கேமரா எடுத்த இரண்டாயிரத்து நாற்பத்தொன்றாவது படம் என்பதைத் தவிர அதில் ஒரு அர்த்தமும் கிடையாது.

"இது விலை இல்லையே" என்றார் மேடம்.

கடைசி வரிசையில் நாற்காலி உருளும் சத்தம். பாண்டி மாமா எழுந்துவிட்டார்.

"வெலை இல்லையா? என்ன மேடம் சொல்றீங்க? மூணு வாரமா எம் போனும் இதைத்தான சொல்லுது!"

முன்னால் இருந்த நாற்காலிகளைத் தடவித் தடவி மாமா மேசைக்கு வந்துவிட்டார். நேராக மைக்குக்கு முன்னால்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி இவ கடைசியா வெலை சொன்னப்ப ரெண்டாயிரத்துச் சொச்சம்னா. அப்புறம் போனை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஐ எம் ஜி ரெண்டாயிரத்து இருவத்தி மூணுன்னுச்சு. சரியாத்தான இருந்துச்சு? அடுத்த நா இருவத்தி நாலு. அதுக்கடுத்த நா இருவத்தி அஞ்சு. தினம் ஒரு ரூவா ஏறுது. நானும் நினைச்சேன், முப்பது வருசத்துல ஏலக்காய் வெலை இம்புட்டு ஒழுக்கமா ஏறி நான் பாத்ததில்லையேன்னு."

"ஐ எம் ஜின்னா என்னான்னு நினைச்சீங்க?" என்று மேடம் கேட்டார். குரல் லேசாக நடுங்கியது. சிரிப்பை அடக்குகிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

"ஏலம் போடுற கம்பெனி பேருன்னு நினைச்சேன். கடைசில ஜே பி ஜின்னு ஒண்ணு வருமே, அது ஜி.எஸ்.டி. மாதிரி ஏதோ வரி போலன்னு விட்டுட்டேன். ஜீப்பு டிரைவர் ஒருத்தன் வெலை எறங்கிருச்சுன்னான். நீ லோடு அடிக்கிற சோலியப் பாருடா, நான் வெப்சைட்டுலயே கேட்டேன்னு ஏசிப்புட்டேன். இன்னும் ஏறட்டும்னு நாலு மூட்டை காயைப் பிரிக்காம வச்சிருக்கேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வெளியே டீக்கடையிலும் சிரிப்புச் சத்தம் கேட்டது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

"பாண்டி, நீ ஏம்ப்பா அதைக் காதுல கேக்குற? போட்டோவைப் பாக்க வேண்டியதுதான?"

மாமா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு மங்கிருச்சுண்ணே. ரெண்டு வருசம் ஆச்சு. சர்க்கரை. ஆள் அசையிறது தெரியும், எழுத்துத் தெரியாது. கோட்டயத்துல நர்சா இருக்குற எம் மகதான் போனைப் பேச வச்சுக் குடுத்தா. காயெல்லாம் வெரல்ல உருட்டிப் பாத்துத்தான் தரம் சொல்லிக்கிட்டிருக்கேன். இது யாவாரிகளுக்குத் தெரிஞ்சா என்னாகும்? எட்டை ஏழும்பான். நல்ல காயைச் செத்த காயிம்பான். அதான் வெளிய சொல்லல."

அவர் வெளியே சொல்லாததை அந்த நிமிடம் வாசல் மரத்தில் இருந்த குழாய் வியாபாரிகள் தெரு முழுவதற்கும் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு அது உறைத்தபோது காலம் கடந்திருந்தது. ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் அது கீச்சென்று ஒரு ஊளையிட்டது, அதையும் தெரு கேட்டது.

பிரேமா மேடம் தன் கருவிகளைப் பைக்குள் வைத்தார். "ரேவதி, அந்த இருபத்து மூணு பேரையும் இனி எங்க பாத்தாலும் நான் அடையாளம் சொல்லிருவேன். வராத ஒருத்தரையும் சேத்து. விலை மட்டும்தான் தெரியல." வெப்சைட் தேறவில்லை என்று எழுதிவிட்டு, ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை வருவதாகச் சொன்னார். அந்த வாய்ப்பை அவர் எனக்காகத் தரவில்லை, நாலு மூட்டைக்காகத் தந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

நான் சாக்கு அடுக்கிய அறைக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். 'பாத்தாத் தெரியாதா?' என்று அந்த மனிதரிடம் கேட்டிருக்கிறேன். அதற்கு அவர் 'சரித்தா' என்று மட்டும் சொன்னார்.

மாமா சுவரைத் தொட்டுக்கொண்டே உள்ளே வந்தார். "எங்கத்தா இருக்க? மூக்கு உறிஞ்சுற சத்தம் இங்கிட்டுத்தான் கேக்குது."

"மன்னிச்சிரு மாமா. தெரியாமச் சொல்லிட்டேன்."

"எனக்குக் கண்ணு போனது உனக்கு எப்படித் தெரியும்? நாந்தான் மறைச்சேன். அதை விடு. மெய்யாலுமே இன்னைக்கு என்ன வெலை?"

சொன்னேன். மூன்று வாரத்தில் நன்றாகவே இறங்கியிருந்தது. மாமா ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். "ஐ எம் ஜி கம்பெனியிலயே குடுத்திருக்கலாம்" என்றார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

மறுநாளே விலையை எழுத்தாக டைப் அடித்து முதல் பக்கத்தின் முதல் வரியில் போட்டேன். தலையணைப் புத்தகத்தை இந்தத் தடவை முழுக்கப் படித்தேன். குழுப் படத்துக்குப் பின்னால் மறுபடியும் ஒரே வரி. அதற்குத் தலைவரைச் சம்மதிக்க வைத்தவர் மாமாதான். "அண்ணே, உங்க பேரைக் கேட்டு முடிக்கிறதுக்குள்ள அடுத்த நாள் ஏலமே வந்துருது" என்றாராம். பெயர்களுக்கெல்லாம் தனியாக ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கத்துக்கு அவர்களைத் தவிர யாரும் போவதில்லை. (சீனி அண்ணனின் அண்ணன் இன்னும் அதில் இருக்கிறார். மதினிக்காக.)

பிரேமா மேடம் திரும்ப வந்தார், ரேடியோ செட் வரவில்லை, வெப்சைட் தேறியது. உலர்த்தும் இயந்திரமும் வந்தது. மாமா பயந்தபடி ஒரு வியாபாரி அவருடைய எட்டு எம்.எம். காயை ஏழு என்று சொல்லிப் பார்த்தார். மாமா அவர் கையிலிருந்ததை வாங்கி விரலில் உருட்டி, எட்டையும் ஏழையும் தனித்தனியாகப் பிரித்து மேசையில் வைத்துவிட்டு, "உங்க கண்ணாடியக் கொஞ்சம் மாத்துங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்த நாலு மூட்டையில் ஏற்பட்ட நட்டத்தைப் பற்றி அவர் என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. வேறொன்று செய்தார். யார் கூப்பிட்டாலும் மாமாவின் போன் அவர்கள் பெயரை உரக்கச் சொல்லும். அம்மா கூப்பிட்டால் 'அக்கா அழைக்கிறார்.' தலைவர் கூப்பிட்டால் 'தலைவர் அழைக்கிறார்.' என் பெயரை மட்டும் மகளிடம் சொல்லி மாற்றி வைத்துவிட்டார்.

இப்போது நாலு மணிக்கு போன் பண்ணுவது நான். விலை வெப்சைட்டில் எழுத்தாகவே இருக்கிறது, அவருடைய போன் அதைத் தெளிவாக வாசித்துவிடும், நான் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கூப்பிடுகிறேன். மாமா ஜீப்பில் இருப்பார், இல்லை கல்யாண வீட்டில் இருப்பார். என் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் நடுவில் உட்கார்ந்திருந்தார். எங்கே இருந்தாலும் போன் நாலு பேர் கேட்கச் சத்தமாகச் சொல்லும், "ஐ எம் ஜி இரண்டாயிரத்து நாற்பத்தொன்று அழைக்கிறார்." சுற்றியிருப்பவர்களுக்கு முழுக் கதையையும் ஒருமுறை சொல்லி முடித்துவிட்டுத்தான் எடுப்பார்.

"சொல்லுங்க கம்பெனி" என்பார். "இன்னைக்கு ஒரு ரூவா ஏறிருச்சா?"